எலிகன்ஸ் பவளத்தை எங்கே வைப்பது, எந்த விளக்கின் கீழ் வைப்பது?

மஸ்கட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் என் அக்கா மகன், திருநெல்வேலி பெருமாள்புரத்து வீட்டில் நான்கடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்திருக்கிறார். மீன்கள் வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன, நீரின் அளவுகளும் நிலைப்பட்டுவிட்டன. அடுத்து, வட்டாக விரியும் சதையும் நீண்ட கைகளும் கொண்ட எலிகன்ஸ் பவளம் ஒன்றை வளர்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன வாரம் தொட்டியின் முன் நின்று பாறை அடுக்கின் உச்சியைக் காட்டி, "மாமா, மேல வச்சாத்தான வெளிச்சம் நல்லா கெடைக்கும்?" என்று கேட்டார். பவளம் என்றதும் தெளிந்த நீரும் பாறை முகடும் உச்சி வெயிலும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆயினும் இந்த ஒரு பவளத்தின் விஷயத்தில் அந்த நினைப்பே பல தொட்டிகளில் அதன் உயிரைப் பறித்திருக்கிறது என்பதால், அவருக்குச் சொன்னதையும், பிறகு இருவருமாக அளந்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் இருந்த ஆண்டுகளில் நான் இரண்டு எலிகன்ஸ் பவளங்களை வளர்த்திருக்கிறேன். முதலாவதை, 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குக்கு நேர் கீழே, பாறையின் மேல்தட்டில் பெருமையோடு வைத்தேன். இரண்டு வாரம் அழகாக விரிந்தது. மூன்றாம் வாரத்தில் அதன் வட்டின் சதை ஊதிப் பெருத்து, கைகள் மட்டும் குட்டையாகச் சுருங்கின. நீரோட்டம் அலைக்கழித்ததில், பாறையின் கூரான விளிம்பில் உரசிய பக்கத்தில் சதை கிழிந்து எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கிழிசலிலிருந்து பழுப்புக் கூழாகச் சதை கரையத் தொடங்கிய பிறகு நான்கே நாள்தான் அது உயிரோடு இருந்தது. இரண்டாவதை மணலில், மங்கிய மூலையில் வைத்தேன். நான் ஊர் திரும்பும்வரை அது நன்றாக இருந்தது, வரும்போது நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். இரண்டுக்கும் நீர் ஒன்றுதான், உணவும் ஒன்றுதான். வைத்த இடமும் ஒளியும் மட்டுமே வேறு.

இந்த வேறுபாட்டின் காரணம் அந்த உயிரி வாழும் இடத்தில் இருக்கிறது. காட்டலாஃபிலியா ஜார்டினை என்பது இதன் அறிவியல் பெயர். 1893இல் சாவில்-கென்ட் இதை விவரித்தார். இதன் பேரினத்தில் இது ஒன்றே இனம். இந்தோ-பசிபிக் கடல்களில், அலை அடங்கிய காயல்களிலும் கடற்புல் பரப்பின் ஓரங்களிலும், சேறும் மணலும் படிந்த தரையில் இது வாழ்கிறது. அதன் எலும்புக்கூட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், அடிப்பகுதி கூம்பாகக் குறுகி முளைக்குச்சி போல் இருக்கும். அந்தக் கூம்பு சேற்றில் புதைந்து நிற்க, மேலே சதை மட்டும் விரிந்து கிடக்கும். கலங்கல் நீரில் சலித்து வரும் ஒளிக்குப் பழகிய உயிர் இது. பாறை முகட்டில் பிறந்து உச்சி வெயிலில் வளரும் அக்ரோபோரா போன்ற கிளைப்பவளத்துக்குச் சொன்ன விதியை இதற்கும் சொன்னால், வயல் நெல்லை மொட்டைப்பாறையில் நட்ட கதையாகிவிடும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பகுதிக்கு அது வெறும் சம்பிரதாயம் அன்று. கல்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் நம் கடலிலிருந்து எடுத்த பவளத்தை வாங்குவது குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடாக் கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு முன்பும், அதன் பிறகு சில காலமும், அங்கிருந்து பவளக்கல் சுண்ணாம்புக்காகப் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டதையும், தீவுகளில் இரண்டு நீரில் அமிழ்ந்து போனதையும் இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். எலிகன்ஸ் பவளம் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வணிகத்துக்கு வருவது. அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், இன்ன உயிரியை, இன்ன ஆவணத்தோடு வைத்துக்கொள்ளலாமா என்று வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே வாங்க வேண்டும் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பதில் வரும்வரை கையில் இருக்கும் காலத்தை இடத்தையும் விளக்கையும் சரிபார்ப்பதில் செலவிடலாம் என்பதே எங்கள் ஏற்பாடு.

முதலில் இடத்தை எடுத்துக்கொள்வோம். பலர் விளக்கை வாங்கிவிட்டுப் பிறகு பவளத்துக்கு இடம் தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்கிறது. தொட்டிக்குள் நான்கு இடங்கள் உண்டு. பாறையின் உச்சி, பாறையின் நடுத்தட்டு, கண்ணாடியில் ஒட்டும் பிளாஸ்டிக் தட்டு, அடிமணல் ஆகியவை அவை. உச்சியைப் பற்றி மேலே சொன்னதே போதும். பிளாஸ்டிக் தட்டு, வெட்டிய சிறு துண்டுகளைத் தற்காலிகமாக வைக்க உதவும். ஆனால் எலிகன்ஸ் விரிந்தால் எலும்புக்கூட்டைப் போலப் பல மடங்கு அகலமாகும், முழு வளர்ச்சியில் ஓர் அடிக்கு மேலும் பரவும். தட்டின் கம்பிகளில் சதை சிக்கிக்கொள்ளும் என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

நடுத்தட்டை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. ஆழமான தொட்டியில், மிதமான விளக்கின் கீழ், நடுத்தட்டில் வைத்து நன்றாக வளர்த்தவர்கள் உண்டு. அதன் நன்மைகளும் உண்மையானவை. மணலைக் கிளறும் கோபி மீன்களும் துறவி நண்டுகளும் பவளத்தின் மேல் மணலை வாரி இறைப்பதில்லை, சதையின் அடியில் கழிவு தேங்குவதில்லை, கண்மட்டத்தில் இருப்பதால் பார்வைக்கும் அழகு. ஆயினும் ஒவ்வொரு நாளும் காலையில் விரிந்து இரவில் சுருங்கும்போது, மெல்லிய சதை பாறையின் சொரசொரப்பில் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தப் பவளத்தின் நோய்கள் பலவும் ஒரு சிறு கிழிசலில்தான் தொடங்குகின்றன. சமமான, வழவழப்பான, ஓர் அடி அகலத் தட்டு பாறையில் அமைந்தால் நடுத்தட்டைக் கருதலாம். எங்கள் பாறை அடுக்கில் அப்படி ஓர் இடம் இல்லை, பெரும்பாலான வீடுகளிலும் இருக்காது.

ஆகவே மணல். ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள நுண்மணலில் கூம்பின் முக்கால் பங்கைப் புதைத்து, சதை தொடங்கும் விளிம்பு மணல்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். பருமணலும் உடைத்த சிப்பியும் வேண்டாம், அவை உரசும். கூம்பு சாய்கிறது என்றால் சிறு பாறைத்துண்டுகள் மூன்றை மணலுக்குள் புதைத்து, அவற்றின் நடுவே செருகலாம். கல் எதுவும் மணலுக்கு மேலே தலைகாட்டக் கூடாது. மணல் விழுந்தால் சிறு பம்பாலோ ஊட்டுகுழாயாலோ நீரைப் பீய்ச்சி ஊதிவிட வேண்டும். கையால் தட்டுவது தவறு. சுற்றிலும் குறைந்தது 20 சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும், ஏனென்றால் இதன் கொட்டும் வலிமை கடுமையானது, பக்கத்திலிருக்கும் பவளத்தை ஓரிரவில் சுட்டுப் புண்ணாக்கிவிடும். டார்ச், ஹேமர் போன்ற நீண்ட கைகளுள்ள பவளங்களோடு இது ஒத்துப்போகும் என்று நினைத்து அருகில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்றத்தில் உறவு போலத் தெரிவதை நம்பி அதைச் செய்ய வேண்டாம். நீரோட்டத்தைப் பொறுத்தவரை, அலை எழுப்பும் பம்பான வேவ்மேக்கர் நேராக இதன் மேல் வீசக் கூடாது. இளங்காற்றில் நாற்று அசைவது போலக் கைகள் அசைந்தால் சரி, ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் ஓட்டம் மிகுதி.

இடம் மணல் என்று முடிவானதும் விளக்கைப் பற்றிய கேள்வியே மாறிவிடுகிறது. தொட்டியிலேயே விளக்கிலிருந்து மிகத் தொலைவான தரையில், மிதமான ஒளி வாங்கும் ஓர் உயிரை வைக்கிறோம். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரில் 50 முதல் 150 வரையுள்ள அளவில் இதை வளர்ப்பவர்கள் நல்ல பலனைக் காண்கிறார்கள். புதிதாக வந்ததை 60க்கு அருகில் தொடங்கிப் பல வாரங்களில் மெல்ல ஏற்றுவதே பாதுகாப்பு. நம் ஊர் நண்பகல் வெயிலைத் திறந்தவெளியில் அளந்தால் அந்த மீட்டர் 2000ஐ ஒட்டிக் காட்டும். நமக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மெட்டல் ஹாலைடு, டி5 குழல்விளக்கு, எல்.இ.டி ஆகிய மூன்று வகை விளக்குகளையும் ஒப்பிடலாம். மெட்டல் ஹாலைடின் ஒளியில் நீர்ப்பரப்பின் அலை மணலில் நெளிந்து ஓடும் அழகை மற்ற இரண்டும் முழுமையாகத் தருவதில்லை. அந்த அழகுக்காகவே நான் ஒரு காலத்தில் அதை வைத்திருந்தேன். ஆனால் அது தரும் வெப்பம் திருநெல்வேலிக்கு ஆகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெளியே வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், அறையும் சூடாக இருக்க, நீருக்கு மேலே 250 வாட் சூட்டைக் கொளுத்தி வைத்துவிட்டு, அதைத் தணிக்கச் சில்லர் ஒன்றையும் ஓட்டுவது இரட்டைச் செலவு. எலிகன்ஸ் பவளத்துக்கு 25, 26 டிகிரி நீர் உகந்தது. 29ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உள்ளே குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசிகளை அது வெளியே தள்ளத் தொடங்கும். அதுவே வெளிறல். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடலே சூடேறிப் பவளங்கள் வெளிறின. கடலில் நடந்தது தொட்டியில் இன்னும் விரைவாக நடக்கும்.

டி5 குழல்விளக்கு, ஒளியின் பரவலை மட்டும் பார்த்தால் இந்தப் பவளத்துக்கு மூன்றிலும் சிறந்தது என்பது என் கருத்து. ஓர் அடி அகலத்துக்கு விரிந்த சதையின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளி விழும், ஒரு புள்ளியில் சுடுவது என்பதே இருக்காது. 54 வாட் குழல்கள் நான்கு இருந்தால் நான்கடித் தொட்டிக்குப் போதும். இரண்டு தடைகள் மட்டும் உண்டு. குழல்களின் ஒளி மெல்ல மங்குவதால் பத்து மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நீலம் கூடிய அந்தக் கடல்வகைக் குழல்களை எங்களுக்குத் திருநெல்வேலிக் கடைகளில் கிடைக்காமல் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. வழியில் உடைந்து வந்தால் அடுத்த பார்சல் வரும்வரை பவளம் அரைவெளிச்சத்தில் காத்திருக்கும். மேலும் குழலின் ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாத சாதாரணப் பெட்டியாக இருந்தால், புதுப் பவளத்தைப் பழக்க, விளக்கைச் சங்கிலியில் உயர்த்தித் தொங்கவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எல்.இ.டியின் குறை அதன் வில்லையில் இருக்கிறது. குவிந்து விழும் ஒளி, ஒரு சாண் இடைவெளியில் ஓர் இடத்தைச் சுடவும் இன்னோர் இடத்தை நிழலில் விடவும் செய்யும். கண்ணுக்கு நீல ஒளி மங்கலாகவே தோன்றுவதால், மிகுதியான ஒளியைக் குறைவென்று நினைத்து ஏமாறுவதும் இதில்தான் அதிகம். ஆனால் இதன் ஒளியை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்கூடக் கூட்டிக் குறைக்கலாம், நீரில் இறங்கும் சூடு மிகக் குறைவு, மின்செலவும் குறைவு. நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அப்படியே கணக்கிட்டோம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்று கொண்டால், 250 வாட் ஹாலைடு 60 நாளில் 150 யூனிட் இழுக்கும், நான்கு டி5 குழல்கள் 130 யூனிட், 120 வாட் எல்.இ.டி பாதி அளவில் எரிந்தால் ஏறத்தாழ 36 யூனிட். சில்லர் இழுப்பது இதற்கு மேல். எனவே இந்த ஊருக்கும் இந்தப் பவளத்துக்கும் நான் எல்.இ.டியையே சொல்கிறேன். வில்லையின் குறையைத் தீர்க்க, ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாகச் சிறிய விளக்குகள் இரண்டை, நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், ஒளிவட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி தொங்கவிட வேண்டும். உயரத்தில் சிதறிப் போகும் ஒளியை இழப்பாக எண்ண வேண்டாம், நமக்குத் தேவைக்கு மேல்தான் இருக்கிறது.

அளந்து பார்க்காமல் இதை எழுத எனக்கு மனமில்லை. மருமகன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பார் மீட்டரை நீரில் இறக்கி, விளக்கு 60 விழுக்காட்டில் எரியும்போது அளந்தோம். அவர் காட்டிய பாறை உச்சியில் 310. நடுத்தட்டில் 190. மணலின் நடுவே, இரு விளக்குகளின் ஒளியும் கூடும் இடத்தில் 140. முன்கண்ணாடியின் இடது மூலைக்குச் சற்று உள்ளே 75. அந்த 310ஐப் பார்த்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, மீட்டரை மறுபடியும் உச்சியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மீட்டர் இல்லாதவர்கள் கைபேசியின் லக்ஸ் செயலியை நம்ப வேண்டாம். மனிதக் கண்ணின் உணர்வைக் கொண்டு அமைந்த லக்ஸ் அளவு, நீலம் மிகுந்த விளக்கின் கீழ் உண்மையைவிட மிகக் குறைத்தே காட்டும். மீட்டர் இரவல் கிடைக்காவிட்டால் விளக்கை முப்பது விழுக்காட்டில் தொடங்கி, பவளத்தின் உடலைப் பார்த்து வாரத்துக்கு ஐந்து விழுக்காடாக ஏற்றுவது நல்லது.

உடல் சொல்லும் குறிகள் தெளிவானவை. ஒளி சரியாக இருந்தால், விளக்கு எரிந்த ஒரு மணி நேரத்துக்குள் வட்டு மடிப்பு மடிப்பாக விரிந்து, பச்சைக் கோடுகள் தெரிந்து, கைகள் நீண்டு, நுனிகள் ஊதா நிறத்தில் திரளும். ஒரு சிறு இறால் துண்டை இடுக்கியால் நீட்டினால் அருகிலுள்ள கைகள் நொடியில் ஒட்டிக்கொண்டு, வட்டின் ஓரம் பை போல மடிந்து வாய்க்குக் கொண்டுசேர்க்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை அப்படி ஊட்டினால், ஒளி சற்றுக் குறைந்தாலும் ஈடாகும். வட்டு ஊதியும் கைகள் குட்டையாகவும் இருந்தால் முதலில் ஒளியைக் குறையுங்கள். நிறம் வெளுத்தாலும் அப்படியே. நிறம் பழுப்பேறி, உடல் விளக்கை நோக்கி அளவுக்கு மீறி நீண்டால் ஒளி போதவில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து வணிகத்துக்கு வந்த எலிகன்ஸ் பவளங்களில் பல, எந்த ஒளியில் வைத்தாலும் இதே ஊதலும் சுருங்கலும் கண்டு இறந்தன. கடைத்தொட்டியிலேயே ஊதிக் கைசுருங்கி நிற்பதை, நம் மணலும் விளக்கும் காப்பாற்றும் என்று நம்பி வாங்குவது வீண்.

வீட்டில் தொட்டி எந்த அறையில் இருக்கிறது என்பதும் ஒளியைச் சேர்ந்த கேள்விதான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்புறம் தார்சா, அதைக் கடந்தால் உள்கூடமான பட்டாசல். விருந்தினர் பார்க்க வேண்டும் என்று தொட்டியைத் தார்சாவில் வைக்கவே எல்லோருக்கும் ஆசை. அங்கே மாலை வெயில் சாய்வாகக் கண்ணாடியில் விழும், அரை மணி நேரத்தில் நீர் ஒரு டிகிரி ஏறும், பச்சைப்பாசி படரும், நாம் அளந்து அமைத்த ஒளிக்கணக்கும் குலையும். பட்டாசலின் உள்சுவரே சரி. மாடியறை, தளத்தின் சூட்டுக்காகவும், நீரும் பாறையுமாக 300 கிலோவுக்கு மேல் வரும் எடைக்காகவும் வேண்டாம். பட்டாசலில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை வீசவிட்டால், காற்று வறண்ட நம் கோடையில் இரண்டு, மூன்று டிகிரி இறங்குகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை அன்றாடம் ஊற்றி உப்படர்த்தியை 1.025இல் நிறுத்த வேண்டும். இது போதாத நாள்களுக்குத்தான் சில்லர்.

மின்சாரம் போனால் விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும், நின்றுபோன நீரோட்டத்தைத்தான் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஊர் இருண்டு கிடந்ததை நினைத்து, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டை மருமகன் வாங்கி வைத்திருக்கிறார்.

இப்போது விளக்கை 50 விழுக்காட்டுக்கு இறக்கி, இடது மூலையில் 60 என்ற அளவில் நிறுத்தியிருக்கிறோம். அந்த இடத்தில் ஓர் அடிக்கு மேல் அகலமாக மணலைச் சமன்செய்து, சுற்றியிருந்த பாறைகளை நகர்த்திவிட்டோம். வனத்துறைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மணலைக் கிளறும் கோபி மட்டும் தினமும் அந்த வெற்றிடத்தில் குழி தோண்டுகிறது. பவளம் வருவதானால் அதற்கு முன் அதை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்பதை இந்த வாரம்தான் கண்டுகொண்டோம்.